திரும்பி வராத சொற்கள்

சென்னையின் பழைய புத்தகக் கடைகளில் ஜிஆர்இ தேர்வுக்கான தடித்த வழிகாட்டி நூல்கள் இன்றும் கிடைக்கின்றன. 1990களிலும் 2000களிலும் அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போக நினைத்த பொறியியல் மாணவர்கள் பலருக்கு, பாரன்ஸ் நூலில் இருந்த 3,500 சொற்களின் பட்டியல்தான் வேதம். அப்படி ஒரு பிரதியை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். ‘ஏ’ எழுத்துப் பக்கங்களில் பென்சில் கோடுகள் நிறைந்திருக்கும், ஓரத்தில் தமிழில் பொருள் எழுதியிருக்கும், மூலைகள் விரல் பட்டு மங்கியிருக்கும். ‘டி’ வரும்போது கோடுகள் குறையத் தொடங்கும். ‘எம்’ தாண்டிவிட்டால் தாள் புத்தம் புதிதாக இருக்கும். அபேஸ், அபாஷ், அபேட் என்று தொடங்கிய படிப்பு நடுவழியில் நின்றுபோனதற்கு அந்தத் தாள்களே சாட்சி.

பாதியில் விட்டவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியும். ஆனால் முழுப் பட்டியலையும் முடித்து நல்ல மதிப்பெண் வாங்கியவர்களைக் கேட்டாலும், தேர்வு முடிந்து சில மாதங்களில் பெரும்பாலான சொற்கள் போன இடம் தெரியவில்லை என்பார்கள். அதே ஆட்கள் பள்ளியில் படித்த எளிய ஆங்கிலச் சொற்களை மறந்திருக்க மாட்டார்கள். மூளை ஒன்றுதான், மொழியும் ஒன்றுதான். ஒரு வகைச் சொல் ஒட்டிக்கொள்கிறது, இன்னொரு வகை உதிர்ந்துவிடுகிறது. இதற்கான காரணத்தை மூளைக்குள் தேடுவதற்கு முன் மொழிக்குள் தேட வேண்டும்.

1960களில் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி குச்செரா, நெல்சன் ஃபிரான்சிஸ் என்ற இருவர் ஆங்கிலத்தை எண்ணிப் பார்க்க முனைந்தார்கள். 1961இல் அமெரிக்காவில் அச்சான செய்தி, நாவல், சமய நூல், அறிவியல் கட்டுரை எனப் பலவகை எழுத்திலிருந்தும் 500 பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 2,000 சொற்கள், ஆக மொத்தம் 10 லட்சம் சொற்கள் கணினியில் ஏறின. அவற்றில் ‘தி’ என்ற ஒரே சொல் ஏறத்தாழ 70,000 முறை வந்திருந்தது. அடுத்த இடத்தில் இருந்த ‘ஆஃப்’ அதில் பாதி, சுமார் 36,000 முறை. வெவ்வேறு சொல்வடிவங்கள் என்று பார்த்தால் 50,000 அளவில் இருந்தன. அவற்றுள் கிட்டத்தட்டப் பாதி, அந்த 10 லட்சத்துக்குள் ஒரே ஒரு முறைதான் தலைகாட்டியிருந்தன.

இந்தச் சரிவை ஹார்வர்டின் ஜார்ஜ் கிங்ஸ்லி ஸிஃப் 1930களிலேயே விதியாகச் சொல்லியிருந்தார். அடிக்கடி வரும் வரிசையில் 2ஆம் இடத்துச் சொல் முதல் சொல்லைப் போலப் பாதித் தடவை வரும், 10ஆம் இடத்துச் சொல் பத்தில் ஒரு பங்கு, 1,000ஆம் இடத்துச் சொல் ஆயிரத்தில் ஒரு பங்கு. சில சொற்கள் ஓயாமல் வருகின்றன. மற்ற பெருங்கூட்டம் எப்போதாவது எட்டிப் பார்க்கிறது.

இதை ஒரு வாசகரின் ஆண்டுக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். சராசரி நாவல் ஒன்றில் 1 லட்சம் சொற்கள் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 10 ஆங்கில நாவல் படிப்பவர் 10 லட்சம் சொற்களைக் கடந்து போகிறார். 10 லட்சத்துக்கு ஒரு முறை வரும் சொல்லை அவர் ஆண்டுக்கு ஒரு முறை சந்திப்பார். நாவலையும் நாளிதழையும் தடுமாறாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஓர் அடிச்சொல்லும் அதன் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிந்தால் போதும் என்று நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். நாம் ‘கடினமான சொல்’ என்று குறித்துவைப்பவற்றில் பல அந்த எல்லைக்கு அருகிலோ வெளியிலோ இருப்பவை. அவற்றின் எழுத்தும் பொருளும் கடினமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ‘அபேட்’ என்றால் தணிதல், அவ்வளவுதான். அந்தச் சொல்லின் கடினம் முழுவதும் அது திரும்பி வராமையில் இருக்கிறது.

திரும்பி வராததை மூளை ஏன் வைத்திருப்பதில்லை? உளவியலாளர்கள் ஜான் ஆண்டர்சனும் லேல் ஸ்கூலரும் 1991இல் இதற்குச் சொன்ன விடை, நினைவு பற்றி நான் படித்தவற்றுள் மிக அழகான ஒன்று. அவர்கள் மனிதர்களைச் சோதிக்காமல் நாளிதழை எடுத்துக்கொண்டார்கள். நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத் தலைப்புகளில், 1986 ஜனவரியிலிருந்து இரண்டு ஆண்டு அளவுக்கு, எந்தச் சொல் எந்த நாளில் வந்தது என்று குறித்தார்கள். ஒரு சொல் கடைசியாக வந்து எத்தனை நாள் ஆயிற்று, அது நாளைக்கு மறுபடி வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று வரைந்தால் ஒரு வளைவு கிடைத்தது. நேற்று வந்த சொல் நாளை வர வாய்ப்பு அதிகம். பத்து நாளாக வராத சொல்லுக்கு வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. நூறு நாள் வராத சொல்லுக்கு வாய்ப்பு மிகக் குறைவு, ஆனாலும் அது முற்றாகப் பூச்சியமாகிவிடுவதில்லை. பெற்றோர் குழந்தையிடம் பேசும் பேச்சிலும், ஒருவருக்கு வரும் மின்னஞ்சல்களிலும் இதே வடிவம் கிடைத்தது. மனித மறதியின் வளைவும் அதே வடிவம்தான்.

நினைவு தன் சரக்கை மளிகைக் கடைக்காரர் அடுக்குவது போல அடுக்கிவைக்கிறது. உப்பும் பருப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், வசம்பும் கடுக்காயும் மேல் தட்டின் கடைசியில் இருக்கும். கேட்டு வருபவர்களைப் பார்த்துத்தான் இடம் ஒதுக்கப்படுகிறது. ஆகவே அரிய சொல்லை மறப்பவர் நினைவாற்றல் குறைந்தவர் அல்ல. ‘இது மறுபடி தேவைப்படாது’ என்று உலகம் கொடுத்த தகவலை அவர் மூளை சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறது. அந்த முடிவை மாற்ற வேண்டுமானால் தகவலை மாற்ற வேண்டும். வராத சொல்லை நாமே வரவழைக்க வேண்டும், அதுவும் தக்க நேரத்தில்.

எது தக்க நேரம் என்ற ஆராய்ச்சி 1885இல் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியரிடம் தொடங்கியது. பொருளற்ற அசைகள் சுமார் 2,300 செய்து, அவற்றை வரிசை வரிசையாகத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் உழைப்பில் பாதிக்கு மேல் வீணாகியிருந்தது. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியது. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. மறதி முதலில் செங்குத்தாக விழுந்து, பிறகு சமதளமாகப் போகிறது. பொருளற்ற அசைக்கும் அகராதிச் சொல்லுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். ‘அப்ஸ்டீமியஸ்’ என்பதை முதன்முதலாகக் கேட்கும் ஒருவருக்கு அது பொருளற்ற அசைகளின் சேர்க்கை என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

எப்பிங்ஹாஸ் ஒரு மாதம் வரை பார்த்தார். சொல் கற்பவருக்கோ ஆண்டுக்கணக்கு தேவை. அந்தப் பொறுமை ஒரு குடும்பத்துக்கு இருந்தது. அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக்கும் அவர் குடும்பத்தினர் மூவரும் தங்களையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு, ஆளுக்கு 300 அயல்மொழிச் சொற்களை எடுத்துக்கொண்டார்கள். சில சொற்களை 14 நாளுக்கு ஒரு முறையும், சிலவற்றை 28 நாளுக்கு ஒரு முறையும், சிலவற்றை 56 நாளுக்கு ஒரு முறையும் திரும்பப் படித்தார்கள். சிலவற்றுக்கு 13 அமர்வு, சிலவற்றுக்கு 26. அதோடு நிறுத்திவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து ஆண்டுகள் கழித்துத் தங்களைச் சோதித்துக்கொண்டார்கள். நால்வர் பெயரும் ஒரே குடும்பப் பெயராக அச்சான அந்தக் கட்டுரை 1993இல் வந்தது. 56 நாள் இடைவெளியில் 13 முறை படித்த சொற்கள், 14 நாள் இடைவெளியில் 26 முறை படித்தவற்றுக்கு இணையாக நின்றன. பாதி உழைப்பில் அதே பலன். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. 14 நாள் வீதம் 26 முறை என்பது ஓராண்டில் முடிந்துவிடும். 56 நாள் வீதம் 13 முறை என்றால் ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆகும். உழைப்பு குறைகிறது, காத்திருப்பு கூடுகிறது. அடுத்த மாதம் தேர்வு எழுதப் போகிறவருக்கு இது உதவாது. ஆயுள் முழுக்க ஆங்கிலம் படிக்கப் போகிறவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

1,350 பேருக்கு மேல் பங்கேற்ற, நிக்கலஸ் செபேடா குழுவினரின் 2008 ஆய்வு இந்த இடைவெளிக்கு அளவு கொடுத்தது. ஒரு வாரம் நினைவிருந்தால் போதும் என்றால், ஓரிரு நாள் விட்டு மறுபடி படிப்பது சிறந்தது. ஓராண்டு நினைவிருக்க வேண்டும் என்றால் இடைவெளி மூன்று வாரத்திலிருந்து ஐந்து வாரம் வரை போகலாம். எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளப் போகிறோம் என்பதுதான் எப்போது திரும்பப் பார்க்க வேண்டும் என்பதை முடிவுசெய்கிறது.

திரும்பப் பார்ப்பது என்றேன். அந்தச் சொல்லிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. பெரும்பாலோர் திரும்பப் ‘பார்க்க’ மட்டும் செய்கிறார்கள்.

ஜெஃப்ரி கார்பிக், ஹென்றி ரோடிகர் இருவரும் 2008இல் வெளியிட்ட சோதனையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலிச் சொற்கள் ஆங்கிலப் பொருளோடு கொடுக்கப்பட்டன. படிப்பது, சோதிப்பது, மறுபடி படிப்பது, மறுபடி சோதிப்பது என்று சுற்றுகள் போயின. ஒரு குழு எல்லாச் சொற்களையும் ஒவ்வொரு சுற்றிலும் படித்தது, எல்லாவற்றிலும் சோதிக்கப்பட்டது. இரண்டாம் குழுவுக்கு, ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டால் அதைப் படிப்பதிலிருந்து விலக்கிவிட்டு, சோதனையில் மட்டும் தொடர்ந்து கேட்டார்கள். மூன்றாம் குழுவுக்கு நேர்மாறு. சரியாகச் சொன்ன சொல்லை மறுபடி மறுபடி படிக்கலாம், ஆனால் அதில் சோதனை கிடையாது. நான்காம் குழுவுக்குச் சரியாகச் சொன்ன சொல் இரண்டிலிருந்தும் நீங்கிவிடும்.

ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, முதல் இரு குழுக்களும் ஏறத்தாழ 80 சதவீதம் சொன்னார்கள். மூன்றாம் குழு 36, நான்காம் குழு 33. அதாவது, ஒரு முறை சரியாகச் சொன்ன பிறகு அந்தச் சொல்லை எத்தனை முறை படித்தாலும் அதனால் பயன் ஏதும் இல்லை. நினைவிலிருந்து எத்தனை முறை வெளியே இழுத்தோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. இதைவிட முக்கியமானது, ஒரு வாரத்துக்குப் பின் எவ்வளவு நினைவிருக்கும் என்று மாணவர்களையே முன்கூட்டிக் கேட்டிருந்தார்கள். நான்கு குழுவும் பாதி அளவு என்று ஒரே மாதிரிதான் சொன்னது. 80 வாங்கப் போகிறவர்களுக்கும் தெரியவில்லை, 33 வாங்கப் போகிறவர்களுக்கும் தெரியவில்லை.

சொல்லையும் பொருளையும் அருகருகே வைத்துக் கண்ணை ஓட்டும்போது ‘தெரியும், தெரியும்’ என்று மனம் சொல்கிறது. அது பக்கத்தில் இருக்கும் விடையைப் பார்த்து வரும் உணர்வு. மஞ்சள் கோடு போட்டுப் போட்டுப் படித்தவர்களின் உழைப்பு எங்கே போயிற்று என்று இப்போது புரிகிறது. பொருளைக் கையால் மறைத்துவிட்டு, பத்து நொடி திணறி, பிறகு கையை எடுத்துப் பார்ப்பது மட்டுமே அவர்கள் செய்திருக்க வேண்டிய மாற்றம். அந்தத் திணறல்தான் படிப்பு.

இடைவெளி, இழுத்தெடுத்தல் ஆகிய இரண்டையும் ஒரே கருவியில் சேர்த்தவர் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானிய எழுத்தாளர். 1972இல் வந்த அவர் நூல் ஓர் அட்டைப்பெட்டியை விவரித்தது. பெட்டியில் சில அறைகள், அவற்றில் ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் எழுதிய அட்டைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு முன்னேறும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். பின்னால் இருக்கும் அறையை அரிதாகத்தான் திறக்க வேண்டும். போலந்தின் போஸ்னான் நகரில் மாணவராக இருந்த பியோட்டர் வோஸ்னியாக், தன் ஆங்கிலச் சொற்களும் உயிரியல் பாடமும் நினைவில் நிற்காததால், 1985இல் தாளில் இடைவெளிகளைக் கணக்கிடத் தொடங்கி, 1987இல் அதைக் கணினி நிரலாக்கினார். 2006இல் டேமியன் எல்ம்ஸ் வெளியிட்ட ‘அன்கி’ என்ற மென்பொருள் வோஸ்னியாக்கின் அந்தக் கணக்குமுறையை அடிப்படையாகக் கொண்டது. இன்று மருத்துவ மாணவர்களும் மொழி கற்போரும் கைப்பேசியில் தட்டுவது இந்த வழியில் வந்த அட்டைகளைத்தான். கருவி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, பழைய அழைப்பிதழ்களை வெட்டிச் செய்த அட்டையும் இதே வேலையைச் செய்யும்.

அட்டையில் என்ன எழுதுவது என்பதில்தான் தமிழ் வழியில் ஆங்கிலம் கற்றவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: ஒலி.

இத்தாலியைச் சேர்ந்த ஒரு பெண்ணை மருத்துவ இலக்கியம் பி.வி. என்று குறிப்பிடுகிறது. பக்கவாதம் அவர் மூளையின் இடப்பாதியைத் தாக்கியிருந்தது. பேச்சு தெளிவு, அறிவு தெளிவு. ஆனால் கேட்ட எண்களில் இரண்டு மூன்றுக்கு மேல் அவரால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. ஒலியைச் சில நொடி மனத்துக்குள் ஓடவிட்டுப் பிடித்துவைக்கும் திறன் மட்டும் போய்விட்டது. ஆலன் பேடலியும் இத்தாலிய ஆய்வாளர்கள் இருவரும் 1988இல் அவரிடம் ஒரு சோதனை செய்தார்கள். தெரிந்த இத்தாலியச் சொற்களை இரண்டிரண்டாக இணைத்து நினைவில் வைக்கச் சொன்னபோது மற்றவர்களைப் போலவே செய்தார். ஒரு ரஷ்யச் சொல்லை இத்தாலியச் சொல்லோடு இணைக்கச் சொன்னபோது, காதால் கேட்டு ஒன்றைக்கூட அவரால் கற்க முடியவில்லை. புதிய சொல் ஒன்று நினைவுக்குள் நுழையும் வாசல் ஒலி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பொருள் நன்றாகப் புரிந்தாலும், ஒலி உருவம் கலங்கலாக இருந்தால் பொருளைக் கட்டிவைக்க இடம் இல்லை.

நம்மில் பலர் அரிய ஆங்கிலச் சொற்களைக் கண்ணால் மட்டும் கற்றவர்கள். ‘எபிட்டமி’ என்று ஒலிக்க வேண்டியதை எபிடோம் என்றும், ‘ஹைபர்பலி’யை ஹைபர்போல் என்றும், ‘அரை’ என்று ஒலிக்கும் அரிய சொல் ஒன்றை ஆரி என்றும் மனத்துக்குள் படித்துக்கொண்டே ஆண்டுகள் போகின்றன. பிறகு அதே சொல்லை ஒரு சொற்பொழிவில் கேட்கும்போது புதுச் சொல்லாகத் தோன்றுகிறது. ஒரே சொல்லுக்கு இரண்டு கணக்கு தொடங்கி, வரவை இரண்டிலும் பிரித்துப் போட்டது போல் ஆகிவிடுகிறது. இப்போது பெரும்பாலான அகராதிச் செயலிகளில் ஒலிப்பு கிடைக்கிறது. அட்டையில் பொருளை எழுதும் முன் வாய்விட்டு மூன்று முறை சொல்லிப் பழகுவது, பி.வி.யின் கதையை அறிந்தவருக்கு வெட்கப்படும் காரியமாகத் தோன்றாது.

பட்டியல்களின் அமைப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். அகர வரிசை என்பது சொல்லைத் தேட ஏற்ற வரிசை, கற்க ஏற்ற வரிசை அல்ல. அபேஸ், அபாஷ், அபேட் மூன்றையும் ஒரே நாளில் கற்பவர் மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார். இதற்கு மாற்றாகப் பொருள் வாரியாகத் தொகுத்துத் தரும் நூல்களும் நிறைய உண்டு. வாயாடி என்ற பொருளில் லொக்வேஷியஸ், கேருலஸ், வால்யுபிள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். பார்க்க அறிவுபூர்வமாக இருக்கிறது. ஆனால் 1993இல் தாமஸ் டிங்கம் சோதித்துப் பார்த்தபோது, பொருள் நெருக்கமுள்ள சொற்களைச் சேர்த்துக் கற்றவர்களுக்குத் தொடர்பற்ற சொற்களைக் கற்றவர்களைவிட அதிக நேரம் பிடித்தது. புதிய சொற்கள் இரண்டு ஒரே இடத்தைப் பிடிக்கப் போட்டியிடும்போது இரண்டும் தளர்கின்றன. ஒன்றை நன்றாக நிலைநிறுத்திய பிறகு மற்றதைக் கொண்டுவருவது நல்லது. நான் ஒரு சொற்பட்டியல் தயாரித்தால் அதைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துத்தான் கொடுப்பேன்.

எவ்வளவு இழுத்தாலும் வர மறுக்கும் சொற்கள் சில இருக்கும். அவற்றுக்கு ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் அட்கின்சனும் மைக்கேல் ராவும் 1975இல் சோதித்த முறை ஒன்று உண்டு. புதிய சொல்லின் ஒலியைப் போல ஒலிக்கும் தாய்மொழிச் சொல் ஒன்றைப் பிடித்து, அந்தப் பொருளையும் புதிய சொல்லின் பொருளையும் ஒரே காட்சியில் சேர்ப்பது. 120 ரஷ்யச் சொற்களில் இந்த முறையில் கற்றவர்கள் 72 சதவீதமும், மற்றவர்கள் 46 சதவீதமும் சரியாகச் சொன்னார்கள். ஆறு வாரம் கழித்து 43க்கு 28. தமிழில் இதற்கு எத்தனையோ சொற்கள் கைகொடுக்கின்றன. வேண்டாததைப் பொறுக்கி நீக்குவதற்கு ஆங்கிலத்தில் ‘கல்’ என்று ஒலிக்கும் சொல் உண்டு. அரிசியில் கல் பொறுக்கும் ஒரு முறத்தை நினைத்தால் போதும், அது இனி போகாது. நல்லதே நடக்கும் என்ற நம்பிக்கையோடு இருப்பவர் ‘சாங்க்வின்’. போர் தொடங்கும் முன்பே வெற்றிச் சங்கு ஊதுகிறவரை மனத்தில் நிறுத்தலாம். காட்சி எவ்வளவு விநோதமோ அவ்வளவு நல்லது. ஆனால் இந்தக் காட்சியும் தானே மங்கிவிடும், இதையும் இடைவெளி விட்டு இழுத்துப் பார்க்கத்தான் வேண்டும். இது முதல் பிடிமானம் மட்டுமே.

அட்கின்சனைப் பற்றி இன்னொரு செய்தி. சொற்களை மனத்தில் பதிக்கும் வழி கண்ட இதே மனிதர் பின்னாளில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 12 வயதுக் குழந்தைகள் கல்லூரி நுழைவுத் தேர்வுக்காகச் சொற்களின் ஒப்புமைகளை மணிக்கணக்கில் பயிற்சி செய்வதைக் கண்டு, 2001இல் அந்த எஸ்ஏடி தேர்வைக் கைவிட வேண்டும் என்று பேசினார். 2005இல் ஒப்புமைக் கேள்விகள் எஸ்ஏடியிலிருந்து நீக்கப்பட்டன. 2011இல் ஜிஆர்இயும் எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை விட்டது. தனியாக நிற்கும் சொல்லுக்குப் பதிலாக வாக்கியத்துக்குள் இருக்கும் சொல்லைக் கேட்கத் தொடங்கினார்கள். இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன்.

ஏனென்றால் தனிச் சொல்லின் பொருளை மட்டும் அறிந்தவர் அந்தச் சொல்லை அறிந்தவர் ஆகமாட்டார். அரிய சொற்கள் பெரும்பாலும் துணையோடுதான் நடமாடுகின்றன. ‘அப்ஜெக்ட்’ வந்தால் பக்கத்தில் பெரும்பாலும் வறுமை இருக்கும். ‘இன்க்ளெமெண்ட்’ வந்தால் வானிலை. ‘இன்வெட்டரேட்’ என்பது பொய்யனுக்கும் சூதாடிக்கும் முன்னால் வரும், நல்ல மாணவனுக்கு முன்னால் வராது. அட்டையின் பின்புறத்தில் பொருளோடு அந்தத் துணையையும் எழுதிவைத்தால், படிக்கும்போது மட்டுமல்ல, எழுதும்போதும் சொல் கைக்கு வரும். வேர்ச்சொல் அறிவும் உதவும். 1949இல் வந்த நார்மன் லூயிஸின் வேர்ட் பவர் மேட் ஈஸி நம் நாட்டு நடைபாதைக் கடைகளில் இன்றுவரை விற்பதற்கு அதுவே காரணம். லத்தீன், கிரேக்க வேர் ஒன்றைப் பிடித்தால் பத்துச் சொல் திறக்கிறது. ஆனால் உருவத்தைப் பார்த்துப் பொருளை ஊகிப்பவரை ஏமாற்றவென்றே சில சொற்கள் உண்டு. ‘எனர்வேட்’ என்பது ஊக்கம் தருவதல்ல, வலுவைப் பறிப்பது. ‘நாய்சம்’ என்பதற்கும் சத்தத்துக்கும் தொடர்பில்லை, அது துர்நாற்றம் வீசுவது.

இரவில் படிக்கலாமா, காலையில் படிக்கலாமா என்ற பழைய கேள்விக்கும் ஒரு பாதி விடை கிடைத்திருக்கிறது. நிக்கலாஸ் டுமே, கேரத் கேஸ்கல் என்ற இருவர் இங்கிலாந்தில் ‘கதீட்ருக்’ போன்ற பொய்ச் சொற்களைச் செய்து கற்பித்தார்கள். கதீட்ரல் என்று கேட்கும்போது, அதே ஒலியில் தொடங்கும் இன்னொரு சொல் மனத்தில் இருந்தால் மூளை ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கம் வந்தால், புதிய சொல் மற்றச் சொற்களோடு கலந்துவிட்டது என்று பொருள். 2007இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், மாலை 8 மணிக்குக் கற்றவர்களிடம் மறுநாள் காலை 8 மணிக்கு அந்தத் தயக்கம் தெரிந்தது. காலை 8 மணிக்குக் கற்றவர்களிடம் அன்று மாலை அது இல்லை, மறுநாள் காலைதான் வந்தது. முதல் சோதனைக்குள் இரு குழுவுக்கும் கழிந்தது 12 மணி நேரம்தான், இடையில் தூக்கம் இருந்ததா என்பது மட்டுமே வேறுபாடு. மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி அவசரமாகக் குறித்துவைத்த சொல்லை மூளையின் புறணி தூக்கத்தில் தன் சொற்களோடு சேர்த்துக்கொள்கிறது என்ற கோட்பாட்டுக்கு இது பொருந்துகிறது. தேர்வுக்கு முந்தைய இரவு விழித்திருந்து 200 சொல் படிப்பவர் இந்த வேலையை நடக்கவிடாமல் தடுக்கிறார்.

கடைசியாக, வாசிப்பு. படித்துக்கொண்டே போனால் சொற்கள் தானே வந்துவிடும் என்று ஆசிரியர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் வேகம் குறைவு. 1999இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, படிக்கும்போது எதிர்ப்படும் தெரியாத சொற்களில் 100க்கு 15தான் ஒட்டுகின்றன என்று தெரிந்தது. மேலே போட்ட ஆண்டுக்கு ஒரு சந்திப்பு என்ற கணக்கோடு இதைச் சேர்த்தால் மலைப்பாக இருக்கும். ஒரு நல்ல செய்தியும் உண்டு. அரிய சொற்கள் சீராகத் தூவப்பட்டவை அல்ல, கொத்தாக வருபவை. ஒரு நூலில் ஒரு முறை தோன்றிய அரிய சொல், அதே நூலில் மறுபடி தோன்றும் வாய்ப்பு மற்ற நூல்களில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். மொழியைக் கணினியால் ஆராய்ந்த கென்னத் சர்ச் 2000இல் இதை அளந்து காட்டினார். ஒரே துறையில், அல்லது ஒரே எழுத்தாளரிடம் சில புத்தகங்கள் தொடர்ந்து தங்கினால், ஆண்டுக்கு ஒரு முறை வரவேண்டிய சொல் மாதத்தில் நான்கு முறை வரக்கூடும். நாம் ஏற்பாடு செய்ய வேண்டிய சந்திப்பை அந்த எழுத்தாளரே செய்து தந்துவிடுகிறார்.

இப்படி ஒரே துறைக்குள் இருந்து ஆங்கிலம் கற்றவர் ஆங்கில நாவலாசிரியர் ஜோசஃப் கான்ராட். 1857இல் போலந்துக் குடும்பமொன்றில் பிறந்தவர், இரண்டாம் மொழி பிரெஞ்சு. 1878இல் லோஸ்டாஃப்ட் துறைமுகத்தில் இறங்கி, நியூகாசிலுக்கு நிலக்கரி எடுக்கப் போய்வரும் சிறு கப்பலில் சேர்ந்தபோது அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் மிகக் கொஞ்சம். கப்பலில் பாயும் கயிறும் காற்றும் அலையும்தான் பேச்சு. நிலத்தில் இருப்பவர் ஆண்டுக்கு ஒரு முறைகூடக் கேட்காத சொற்கள் அங்கே நாளுக்கு நூறு முறை ஒலிக்கும். 1886இல் அவர் கப்பல் தலைவர் சான்றிதழ் பெற்றார். 1895இல் ஆங்கிலத்தில் முதல் நாவல் வெளிவந்தது.

நம் மேசையில் இதைச் செய்வது எளிது. கடல் கதை பிடித்தவர் கடலில் இருக்கட்டும், சட்டம் படித்தவர் தீர்ப்புகளில், கிரிக்கெட் பிரியர் பழைய ஆட்டக்காரர்களின் வாழ்க்கை வரலாறுகளில் சில மாதம் இருக்கட்டும். முதல் முறை எதிர்ப்படும் தெரியாத சொல்லைப் பென்சிலால் தொட்டுவிட்டு மேலே போங்கள், அட்டை எழுத வேண்டாம். அதே சொல் இரண்டாம் முறை வந்தால் அன்றைக்கு எழுதுங்கள்: முன்பக்கம் சொல், பின்பக்கம் ஒலிப்பு, பொருள், அது வந்த வாக்கியம். இரண்டு மூன்று புத்தகங்கள் ஆகியும் ஒரு முறைக்கு மேல் வராத சொல்லை விட்டுவிடுங்கள். அதை நினைவில் வைத்திருக்கும் செலவு, இப்போதைக்கு, அதற்குத் தகாது.